இருபத்தொன்பதாவது படம்

மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. தொலைநோக்கியை இரண்டு தடவை சுற்றி வந்தாள். குனிந்து ஒயர்களைத் தடவிப் பார்த்தாள். எங்கேயோ உள்ளே, காதை ஒட்டிவைத்தால் மட்டும் கேட்கிற ஒரு மெல்லிய ரீங்காரம். வெள்ளைக் குழாய் மேற்குப் பக்கமாகத் தலை கவிழ்ந்து மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை முறைத்துக்கொண்டிருந்தது. மணி பத்தேகால். வெயில் ஏறிவிட்டது.

"அதைக் கழட்டி எங்கயாவது போட்டுடுங்க அக்கா. என் கண்ணுல படக் கூடாது" என்று தம்பியின் மனைவி சொல்லியிருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஈரமே இல்லை.

தம்பி கீழே முன்னறையில் குளிர்ப்பெட்டிக்குள் இருந்தான். நாற்பத்தாறு வயது. லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டிடத்து லிஃப்டும் அவன் கைபட்டதுதான். தெருவில் இருக்கிற எல்லா லிஃப்டுகளும் அவனுக்குப் பிள்ளைகள் மாதிரி என்று வீட்டில் கேலி பேசுவார்கள். பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பி வடத்தோடு மல்லாடுகிறவன், சாயங்காலமானால் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவான். பதினோரு வருஷமாக அப்படித்தான்.

விடிகாலை நாலு மணிக்கு அவன் மனைவிதான் பார்த்தாள். அவளுக்கு பேக்கரியில் முதல் ஷிஃப்ட். கிளம்புகிற சமயத்தில் மேலே வந்து, "நான் போறேன், வந்து படுங்க" என்று அவனைக் கீழே அனுப்பிவிட்டுப் போவது வழக்கம். இன்றைக்கு அவன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்து, பனியில் கிடக்கிறானே என்று திட்டிக்கொண்டேதான் கிட்டே போயிருக்கிறாள்.

அக்கா கடைசியில் ஒயர் போகிற வழியே நடந்து சுவரில் இருந்த பிளக்கில் கை வைத்தபோது, "பொறுங்கம்மா, பொறுங்க" என்று குரல் கேட்டது. கண்ணாடிக்கடைக்காரர் படியேறி வந்து மூச்சு வாங்க நின்றார். இரண்டு தெரு தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அறுபது வயதிருக்கும். தம்பிக்கு வானத்து விஷயத்தில் ஒரே கூட்டாளி. அவர் வந்து ஏதோ ஒரு பித்தானை அழுத்தினார். ரீங்காரம் நின்றது. நின்ற பிறகும் அவர் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"இது எதுக்கு சுவத்தைப் பாத்துக்கிட்டிருக்கு?" என்றாள் அக்கா. கேட்க வேறு எதுவும் தோன்றவில்லை.

"சுவத்தைப் பாக்கலம்மா. அந்த கேலக்ஸியைத்தான் பாக்குது. அது விடியறதுக்கு முன்னாலயே மேற்கால இறங்கிடுச்சு. இந்நேரம் பூமிக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். இதுக்கு அது தெரியுமா? பின்னாலயே போகச் சொன்னான், போயிக்கிட்டிருக்கு."

அப்புறம் அவராகவே சொன்னார். ஐந்து கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற ஒரு விண்மீன் மண்டலம். மூன்று வாரத்துக்கு முன்னால் அதில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிய வந்தது. சூப்பர்நோவா. தினமும் அதைப் படமெடுத்து, வெளிச்சம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று இரண்டு பேரும் அளந்துகொண்டிருந்தார்கள். படம் தம்பியின் வேலை. கணக்குப் போட்டு வரைபடமாக்குவது இவர் வேலை. நடுவில் மூன்று நாள் மேகம். வரைபடத்தில் மூன்று ஓட்டை. நேற்றுத்தான் வானம் விட்டது.

"சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணி, கண்ணாடி, வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்குடான்னான். என்னை 'டா' போட்டுப் பேசுற ஒரே ஆளு அவன்தான். சந்தோஷம் வந்தாதான் அப்படிப் பேசுவான்" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

ஏழு மணிக்கு அவருக்கு. ஒன்பது இருபதுக்கு அக்காவுக்கு.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற மருந்துக் கடையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். கூட்டம் அவளைத்தான் தேடி வரும். டாக்டர் எழுதிய சீட்டை நீட்டி, "இது போட்டா கேக்குமாம்மா?" என்று அவளிடம் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தம்பி அவளுக்கு வைத்த பேர் கவுன்ட்டர் டாக்டர். நேற்று அவன் கூப்பிட்டபோது கடை அடைக்க இன்னும் பத்து நிமிஷம். எதிரே ஆறு பேர். அதில் ஒருவன் மாத்திரை அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அக்கா, நெஞ்சு நடுவுல எரியுது. தோள்பட்டை வரைக்கும் இழுக்குது."

"மத்தியானம் என்னடா தின்ன?"

"வேலை நடந்த எடத்துல எண்ணெய்ல பொரிச்சது ஏதோ வாங்கித் தந்தாங்க."

"அப்புறம் எரியாம என்ன பண்ணும்? வாயுதான். ரோஸ் கலர் மாத்திரை கொடுத்து வச்சிருக்கேனே, ஒண்ணு போட்டுக்க."

"ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வரட்டுமா?"

"எதுக்கு? ராத்திரி முழுக்க வரிசையில உக்கார வச்சு, விடியக்காலையில இதே மாத்திரையைத்தான் எழுதிக் குடுப்பான். நான்தானே எடுத்துத் தரணும்."

அவன் சிரித்தான். "சரி, கவுன்ட்டர் டாக்டர் சொன்னா சரி" என்று வைத்துவிட்டான். ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரியில், டியூட்டியில் இருந்த பெண் டாக்டர், "நேத்து ராத்திரி வலி, எரிச்சல்னு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். தம்பியின் மனைவி அழுகைக்கு நடுவே, "நான் ஒன்பது மணிக்கே படுத்துட்டேன் டாக்டர், எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள். பிறகு கையிலிருந்த அவன் போனைப் பார்த்துவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள். "ஒன்பது இருபதுக்கு உங்களுக்குப் பேசியிருக்காரே அக்கா. என்ன சொன்னாரு?"

"நெஞ்சு எரியுதுன்னான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போடான்னேன். போறேன் போறேன்னான்."

அவ்வளவுதான். கவுன்ட்டரில் 'இருக்கு', 'இல்லை' என்று சொல்வதுபோல யோசனையில்லாமல் வந்துவிட்டது. சொன்ன கையோடு திருத்தியிருக்கலாம். டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டாள். தம்பியின் மனைவி, "அப்புறமுமா மாடிக்குப் போனாரு?" என்றாள். அவள் அழுகை பாதியில் நின்றது. அது நின்றதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. அதற்குப் பிறகு இதுவரை அவள் அழவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் குழாயைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கேமராவைத் தனியாக எடுத்து அக்காவிடம் கொடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நோட்டு ஒண்ணு இருக்குமே. நீல அட்டை. அதுல நேரம் எல்லாம் எழுதியிருப்பான். எனக்கு அது வேணும்மா. ஒண்ணு விடாம எழுதுவான். கொசு கடிச்சா, அதைத் தட்டப்போய் ஸ்டாண்ட் ஆடிடுச்சுன்னா, அதைக்கூட எழுதுவான். நான் ஒரு தடவை குத்துமதிப்பா ஒரு நேரம் போட்டுட்டேன். ஒரு வாரம் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

நோட்டு கவிழ்ந்து கிடந்த ஸ்டூலுக்கு அடியில் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. அக்காவுக்கு நீல அட்டையின் மூலை தெரிந்தது.

"பாக்கலையே" என்றாள்.

அவர் குழாயோடு கீழே இறங்கியதும் அதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

படிக்கட்டின் திருப்பத்தில், மின் மீட்டர்கள் இருந்த இடுக்கில் நின்று திறந்தாள். கடைசிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே கையெழுத்து. எழுத்துகள் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, ஓடுவதற்குத் தயாராக நிற்பது போல.

*7.50. வானம் சுத்தம். மூன்று நாளைக்குப் பிறகு.*

*8.40. ஃபோகஸ் சரி. எதிர் வீட்டு மாடி விளக்குத் தொல்லை.*

*9.05. முதல் படம். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். நூறு படம்.*

*9.15. நெஞ்செரிச்சல். தோள் வரை.*

*9.22. அக்காவிடம் கேட்டேன். வாயுதான், ஆஸ்பத்திரி வேண்டாம் என்றாள். கீழே போய் மாத்திரை போட்டேன். இவள் தூங்குகிறாள். எழுப்பவில்லை.*

*9.50. தேவலை.*

*10.10. மறுபடியும். வியர்க்கிறது. காற்று இல்லாததாலா? தெரியவில்லை.*

*10.25. இன்னும் நாலு படம் பார்த்துவிட்டுக் கீழே போகலாம். குறையாவிட்டால் இவளை எழுப்ப வேண்டும்.*

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கோடு போட்ட வெற்றுத்தாள்.

அக்கா அந்த ஒரு வரியை மட்டும் விரலால் மறைத்துப் பார்த்தாள். ஒன்பது இருபத்திரண்டு இல்லாமல் மற்றதெல்லாம் படிக்க நன்றாகவே இருந்தது. தாளைக் கிழிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. தைத்த நோட்டு, தையலை ஒட்டிக் கிழித்தால் யாருக்கும் தெரியாது. மீட்டர் ஒன்றின் சிறிய சக்கரம் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தம் கேட்டதும் நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டு வாசலில் சித்தப்பா இருந்தார். சாவு வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் விவரம் சொல்வதற்கென்று ஒருவர் தானாகவே அமைந்துவிடுவார். இந்த வீட்டில் அது சித்தப்பா. லிஃப்டிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நேத்து ராத்திரியே அக்காக்காரி படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கா. ஆஸ்பத்திரி வாசல்லயே வேலை பாக்கிறவ, அவளுக்குத் தெரியாதா? ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமாடான்னு கேட்டிருக்கா. வேணாம், எனக்கு நட்சத்திரம் பாக்கணும்னுட்டானாம். என்னத்தைச் சொல்ல?"

காலை ஏழு மணிக்கு அவர் சொன்னபோது ஆம்புலன்ஸ் இல்லை. ஒன்பது மணிக்குச் சேர்ந்தது. 'எனக்கு நட்சத்திரம் பாக்கணும்' இப்போதுதான் சேர்ந்திருக்கிறது. அவரைக் கடந்து போகும்போது அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நீ உன் கடமையைச் செஞ்சிட்டம்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதே."

முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். தம்பியின் மனைவி குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்தாள். யாருக்குத் தண்ணீர் வேண்டும், யார் வண்டிக்காரனுக்குப் போன் செய்தது, சான்றிதழின் நகல் எத்தனை எடுத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேக்கரியில் ரொட்டித் தட்டுகளை அடுப்பிலிருந்து இழுக்கும்போது பட்ட பழைய தழும்புகள் அவள் முழங்கைவரை வரிவரியாக இருந்தன. வண்டி நாலு மணிக்கு. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் மனதில் இல்லாதது போலிருந்தது. வந்தவர்களில் ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதபோது அவள் முதுகில் தட்டி, "உக்காருங்க, ஃபேனைப் போடச் சொல்றேன்" என்றாள்.

உள்ளறையில் கண்ணாடிக்கடைக்காரரும் தம்பியின் மகளும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். பதினாலு வயதுப் பெண். அக்கா இறங்கி வந்ததும் அவர்தான் கேமராவை வாங்கி, மெமரி கார்டைத் தன் லேப்டாப்பில் போட்டிருந்தார். அவளாகவே கேட்டாளாம். அக்கா கதவோரமாக நின்றாள்.

திரையில் கறுப்பு. கறுப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சாய்ந்த தட்டு மாதிரி ஒரு மங்கல். ஈரத்தில் கலங்கிப்போன கைரேகை போல.

"இதுதான் கேலக்ஸி. இதோ, ஓரத்துல ஊசிமுனை மாதிரி ஒரு புள்ளி. தெரியுதா? போன மாசம் எடுத்த படத்துல இந்த இடம் காலி."

"இவ்ளோதானா?" என்றாள் மகள்.

"இவ்ளோதான்."

அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளினார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எண்கள் மட்டும் மாறின. இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு. இருபத்தெட்டு. அடுத்த படத்தில் அவர் விரல் நின்றது.

அதில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு கோடாக இழுபட்டிருந்தது. எல்லாக் கோடுகளும் ஒரே திசையில், ஒரே நீளத்தில். மண்டலம் இரண்டாகத் தெரிந்தது.

"இது ஏன் இப்படி இருக்கு?" என்றாள்.

மூலையில் இருந்த நேரத்தை அக்கா படித்தாள். பத்து மணி முப்பத்தொரு நிமிடம். ஸ்டூலில் இருந்தவன் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்திருப்பான். கைக்கு அருகில் ஸ்டாண்டின் கால் ஒன்றுதான் இருந்திருக்கும்.

"ஸ்டாண்டுல ஏதாவது இடிச்சா இப்படி ஆயிடும்" என்றார் கடைசியில். "இந்த மாதிரிப் படத்தை நாங்க சேத்துக்க மாட்டோம். கழிச்சிடுவோம்." சொல்லிவிட்டு அவசரமாக அடுத்ததைத் தள்ளினார். முப்பது. நட்சத்திரங்கள் மறுபடி புள்ளிகளாக இருந்தன. முப்பத்தொன்று. நாற்பது. எழுபது. நூறு வரைக்கும் ஒரு அசைவில்லை. "இவ்வளவு சுத்தமா அவன் ஒரு நாளும் எடுத்ததில்ல" என்று சொன்னவர், தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் தனக்கே கேட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டார். மாடியில் நடமாட யாரும் இல்லாததால் வந்த சுத்தம் அது.

மகள் சின்னப் பிள்ளை இல்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் அக்காவைப் பார்க்காமலே கேட்டாள்.

"அத்தை, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொன்னப்போ அப்பா சரியா என்ன சொன்னாங்க?"

அக்கா கைப்பையைத் தோளோடு இறுக்கிக்கொண்டாள்.

"போறேன்னு சொன்னாங்களா, இல்ல, இதை முடிச்சிட்டுப் போறேன்னு சொன்னாங்களா?"

பதில் வருவதற்குள் தம்பியின் மனைவி சான்றிதழ்ப் பையைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள்.

"இதுவா?" என்றாள். "இதுக்குத்தானா?"

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து நின்றார்.

"அது எப்ப வெடிச்சதுன்னு சொன்னீங்க?"

"அஞ்சு கோடி வருஷம்மா. அந்த வெளிச்சம் இப்பதான்..."

"அஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னால செத்ததைப் பாக்க மாடியில உக்காந்திருந்தாரு. நாங்க ரெண்டு பேரும் கீழ உசுரோட இருந்தோம். பதினாறு படிதான்." அவள் குரல் உயரவில்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க சார். நாலு மணிக்கு நாங்க கிளம்பும்போது ஒரு ஒயர்கூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மகள் சட்டென்று லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்தாள். விரல்கள் வேகமாக ஓடின. நூறு படங்களும் மொத்தமாகத் தேர்வாகித் திரையில் நீலமாயின.

"அழிக்கிறேன். எல்லாத்தையும் அழிக்கிறேன். எங்களவிட இதுதான அவருக்குப் பெரிசு?"

"வேணாம்மா, கண்ணு, வேணாம்" என்று அவர் கையை நீட்டினாரே தவிர அவளைத் தொடப் பயந்தார். கடைசியில் அக்காதான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மெலிந்த மணிக்கட்டு. உள்ளே நாடி குருவி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

"அப்படிச் சொல்லல. அப்பா அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள்.

"அப்ப என்ன சொன்னாங்க?"

"இரு. வந்து சொல்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாத."

சமையலறையில் தம்பியின் மனைவி தனியாக இருந்தாள். கழுவிய தம்ளர்களைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கதவைச் சாத்தினாள். நோட்டை எடுத்து மேடைமேல், ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"என்ன இது?"

"படி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். நிதானமாகப் படித்தாள். கடைசிவரை போய்விட்டு மறுபடி நடுவில் வந்து நின்றாள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் மூடவில்லை.

"ஆஸ்பத்திரி வேண்டாம்னு எழுதியிருக்கு."

"ஆமா."

"நீங்க சொன்னதா எழுதியிருக்கு."

"நான்தான் சொன்னேன். போகட்டுமான்னு அவனே கேட்டான். நான்தான் வேணாம்னேன். கடையில கூட்டம். காலையில அந்த டாக்டர் கேட்டப்போ... என்னமோ வாயில வந்துருச்சு. பயந்துட்டேன்."

தம்பியின் மனைவி அவளை வெகு நேரம் பார்த்தாள். அக்கா அடி விழும் என்றுகூட எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலையிலேர்ந்து நான் அவரைத் திட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள். "வாயில வராதது எல்லாம் வந்துச்சு. மனசுக்குள்ள திட்டினேன், பெட்டிகிட்டப் போய் நின்னு திட்டினேன். எங்களைச் சாவட்டும்னு விட்டுட்டுப் போனியேன்னு கேட்டேன். முகத்தைப் பாக்கக்கூட இல்ல. ஒரு தடவைகூடச் சரியாப் பாக்கல அக்கா. அது தெரியுமா உங்களுக்கு?"

அக்கா தலையாட்டினாள்.

"நீங்க வேணாம்னு சொன்னது... அதை நான் அப்புறம் பாத்துக்கறேன். அதுக்கு இன்னைக்கு எனக்குத் தெம்பு இல்ல. ஆனா இது..." அவள் விரல் *எழுப்பவில்லை* என்ற சொல்லின்மேல் இருந்தது. "மாத்திரைக்குக் கீழ வந்திருக்காரு. இங்கதான், இந்த டப்பாகிட்ட நின்னிருக்காரு. எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நாலு மணிக்கு எந்திரிக்கணும்னு... எழுப்பியிருக்கலாமே. ஒரு நாள் லேட்டாப் போனா ரொட்டி வேகாதா?"

அவள் உதடுகள் கோணின. மேடையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"வேணாம். வெளிய போங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க."

அக்கா வெளியே வந்து சாத்தினாள். பின்னாலிருந்து முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு தம்ளர் உருண்டது. பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து நிறுத்தி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. முன்னறையில் பேச்சு அடங்கியது. மகள் உள்ளறையிலிருந்து ஓடிவந்து, அக்காவைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றரைக்கு அவர்கள் இரண்டு பேரும் முன்னறைக்கு வந்தார்கள். தம்பியின் மனைவி குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் படிந்திருந்த நீர்ப்பனியைக் கையால் துடைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பனி படிந்தது. திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சித்தப்பா புதிதாக வந்த இருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமாடான்னு கேட்டிருக்கா..."

"சித்தப்பா" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமலே. "அப்படி ஒண்ணும் நடக்கல. அவரு கேட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமான்னு அவரேதான் கேட்டாரு. வேணாம்னு சொன்னாங்க. கேட்டுக்கிட்டாரு. இனிமே வர்றவங்ககிட்ட இதைச் சொல்லுங்க."

யார் சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சித்தப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. நாற்காலிகளில் இருந்தவர்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக அக்காவைப் பார்த்தார்கள். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்த கைகள் எல்லாம் மடியில் கிடந்தன.

கண்ணாடிக்கடைக்காரர் மூட்டைகளோடு கிளம்பத் தயாராக நின்றிருந்தார். மகள் அவரிடம் போய் ஏதோ கேட்டாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டு, "கழிக்க மாட்டேன். அதையும் வச்சுக்கறேன்" என்றார்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. பெட்டி லிஃப்டில் நுழையாது. படி வழியாகத்தான் இறக்க வேண்டும் என்று சொன்னபோது யாரோ சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார்கள். ஐந்து மாடி, ஆறு பேர், ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, மூச்சு வாங்கி இறக்கினார்கள். அக்கா எல்லோருக்கும் பின்னால் வந்தாள். அவளோடு பேச யாரும் இல்லை. இறங்கும்போது காலில் ஒரு செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

வண்டியின் பின்பக்கம் பெட்டிக்கு இருபுறமும் நீள இருக்கைகள். ஒருபுறம் சித்தப்பாவும் ஆண்களும் நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். மறுபுறம் மகள், அவளுக்குப் பக்கத்தில் தம்பியின் மனைவி. அவளுக்கு அந்தப் பக்கம் இருக்கையில் சான்றிதழ்ப் பை இருந்தது. அக்கா தெருவில், கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நின்றாள். ஏறுவதா, பின்னால் யாருடைய காரிலாவது போவதா, போவதே சரியா என்று தெரியவில்லை.

டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். "இன்னும் யாராச்சும் ஏறணுமா?"

அவன் மறுபடி கேட்டான்.

தம்பியின் மனைவி பக்கத்திலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.